மூட்டையில் 46, நோட்டில் 46.67

கேள்வி, ஜூலை 6
(காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். யூரியாவில் நைட்ரஜனின் சதவீத இயைபு 46.67 என்று நோட்டில் போட்டிருக்கிறாள். ஆசிரியையும் சரி என்று குறியிட்டிருக்கிறார். திண்ணையில் கிடக்கும் யூரியா மூட்டையிலோ 46 என்றுதான் அச்சாகியிருக்கிறது. பாடப்புத்தகம் பொய்யா, மூட்டை பொய்யா? உரக்காரன் ஏமாற்றுகிறான் என்பது என் கட்சி.

ஜூலை 6, இரவு

மகளின் கணக்கு சரி. மூட்டையும் சரி. உங்கள் கட்சிதான் தோற்கிறது.

யூரியாவில் கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. 12, 16, 28, 4, கூட்டினால் 60. இதுதான் ஒப்பு வாய்ப்பாட்டு நிறை. கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கோடு ஒப்பிட்டுச் சொல்வதால் இதற்கு அலகு கிடையாது. கிராம் என்று பக்கத்தில் எழுதினால் மதிப்பெண் போகும். 60இல் நைட்ரஜனின் பங்கு 28. வகுத்து நூறால் பெருக்கினால் 46.67.

இது தூய யூரியாவின் கணக்கு. மூட்டையில் இருப்பது தொழிற்சாலைச் சரக்கு. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை யூரியாவிடம் கேட்கும் குறைந்தபட்சத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். அதாவது 46 என்பது இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற வாக்குறுதி, 46.67 என்பது இதற்கு மேலே ஏறவே முடியாது என்ற உச்சவரம்பு. 45 கிலோ மூட்டையில் இரண்டுக்கும் வித்தியாசம் 300 கிராம். அதற்காக உரக்கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மல்லுக்கு நிற்க வேண்டிய இடம் வேறு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஜூலை 7

"அந்த 300 கிராம் வேப்ப எண்ணெயா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யூரியா மணிகளின் மேல் பூசும் வேப்ப எண்ணெய் மிக மெல்லியது, அதன் பங்கு சொற்பம். பெரிய பங்காளிகள் ஈரமும் பையூரெட்டும். யூரியாவைச் சூடாக்கித் தயாரிக்கும்போது இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் அம்மோனியாவை வெளியே தள்ளிவிடுகின்றன. 60உம் 60உம் 120. அம்மோனியாவின் 17 போனால் 103. அதுதான் பையூரெட். அதில் நைட்ரஜன் மூன்று, அதாவது 42. சதவீதம் 40.8. யூரியாவைவிடக் குறைவு.

ஆணை 1.5 சதவீதம் வரை பையூரெட்டை அனுமதிக்கிறது. ஈரம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 97.5 சதவீதம் யூரியா. 97.5இல் நைட்ரஜன் 45.5, பையூரெட்டிலிருந்து 0.61. மொத்தம் 46.11. பாருங்கள், கழிவுகளையெல்லாம் கழித்த பிறகும் 46க்குக் கீழே போகவில்லை. அந்த 46ஐ யாரோ மனம்போன போக்கில் எழுதவில்லை.

ஜூலை 7, சற்று நேரம் கழித்து

யூரியாவைக் கரைத்து இலையில் தெளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பையூரெட் அதிகமானால் இலை நுனி கருகும், எலுமிச்சை வகை மரங்களில் இன்னும் மோசம். மண்ணில் போடுபவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜூலை 11

பென்னாகரத்திலிருந்து ஒருவர் கோபமாக வந்திருக்கிறார். டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) மூட்டையில் 18-46 என்று போட்டிருக்கிறதாம். "46 சதவீதம் பாஸ்பரஸ் என்கிறான். நான் கணக்குப் போட்டால் 23.5தான் வருகிறது. சரிபாதியைத் திருடியிருக்கிறான்."

கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கணக்கைப் பார்த்தேன். அப்பழுக்கில்லாத கணக்கு. நைட்ரஜன் இரண்டு 28, ஹைட்ரஜன் ஒன்பது 9, பாஸ்பரஸ் 31, ஆக்சிஜன் நான்கு 64. மொத்தம் 132. பாஸ்பரஸ் 23.5 சதவீதம். ஒன்பது ஹைட்ரஜனை எண்ணுவதில்தான் என் வகுப்பில் பாதிப்பேர் சறுக்குவார்கள்: அடைப்புக்குள் நான்கு, அடைப்புக்கு வெளியே இரண்டு, ஆகவே எட்டு, பிறகு தனியாக நிற்கும் ஒன்று. அவர் சறுக்கவில்லை. ஆனால் மூட்டையில் எங்கேயும் பாஸ்பரஸ் 46 என்று போடவில்லையே. நாளை எழுதுகிறேன், இன்று தக்காளிக்குத் தண்ணீர் முறை.

ஜூலை 12

உரத்தில் மணிச்சத்தைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கிலும், சாம்பல்சத்தைப் பொட்டாசியம் ஆக்சைடு கணக்கிலும் சொல்வது பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலார் பகுப்பாய்வு முடிவுகளை ஆக்சைடுகளாக எழுதிய பழக்கம் இன்னும் மூட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தனிமமாகவே எழுதுகிறார்கள். நாம் மாறவில்லை.

மாற்றுக் கணக்கு இதுதான். பாஸ்பரஸ் பென்டாக்சைடில் பாஸ்பரஸ் இரண்டு 62, ஆக்சிஜன் ஐந்து 80, மொத்தம் 142. ஆகவே 46ஐ 62ஆல் பெருக்கி 142ஆல் வகுத்தால் பாஸ்பரஸ் 20.1. தூய டி.ஏ.பி.யின் உச்சவரம்பு 23.5. நைட்ரஜனுக்கு உச்சவரம்பு 21.2, மூட்டையில் 18. யூரியாவைவிட இங்கே இடைவெளி அதிகம். ஏனென்றால் பாறை பாஸ்பேட்டிலிருந்து எடுக்கும் அமிலத்தோடு இரும்பு, அலுமினியம், மெக்னீசியம் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன.

பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு, இன்னும் வேடிக்கை. பொட்டாசியம் 39, குளோரின் 35.5, மொத்தம் 74.5. பொட்டாசியம் 52.3 சதவீதம். மூட்டையிலோ 60! வரம்பையே தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம், அந்த 60 ஆக்சைடு கணக்கு. பொட்டாசியம் ஆக்சைடின் 94இல் பொட்டாசியம் இரண்டு 78, அந்த விகிதத்தில் குறைத்தால் பொட்டாசியம் 49.8. வரம்புக்குள் வந்துவிட்டது. உண்மையில் அந்த மூட்டையில் பொட்டாசியம் ஆக்சைடு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. இருந்திருந்தால் ஈரக்கையால் அள்ளியவன் கை வெந்திருக்கும்.

இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. நிலத்தை ஏக்கரில் சொன்னாலும் ஹெக்டேரில் சொன்னாலும் வரப்பு நகர்வதில்லை.

ஜூலை 12, மாலை

நடைமுறையில் இது எங்கே கடிக்கும் என்று சொல்லாமல் விட்டேன். வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரிக் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 40:20:20 கிலோ என்று சொல்கிறது. அந்தக் கடைசி 20உம் ஆக்சைடு கணக்குதான். 60 சதவீத மூட்டையில் 33 கிலோ போட்டால் போதும். வேதியியல் தெரிந்த பிள்ளை ஒன்று அதைத் தனிமம் என்று எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு 40 கிலோ என்று சொல்லிவிடும். படித்ததால் வந்த செலவு. பரிந்துரையும் மூட்டையும் ஒரே மொழியில் பேசும்போது நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதீர்கள்.

இன்னொன்று. பொட்டாஷ் அயனிச் சேர்மம். அதில் மூலக்கூறு என்று தனியாக ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியாது, படிகம் முழுவதும் அயனிகளின் வரிசை. அதனால்தான் 74.5ஐ மூலக்கூறு நிறை என்று சொல்லாமல் வாய்ப்பாட்டு நிறை என்கிறோம். கூட்டுகிற முறை ஒன்றே.

ஜூலை 19

மல்லுக்கு நிற்க வேண்டிய இடம் என்று சொன்னேனே, அது ஜிங்க் சல்பேட்.

இரண்டு வகை விற்கிறது. ஏழு நீர் கொண்டது, ஒரு நீர் கொண்டது. ஏழு நீர் வகை: துத்தநாகம் 65.4, கந்தகம் 32, ஆக்சிஜன் நான்கு 64, நீர் ஏழு 126. மொத்தம் 287.4. துத்தநாகம் 22.8 சதவீதம். ஆணை கேட்பது 21. ஒரு நீர் வகை: மொத்தம் 179.4, துத்தநாகம் 36.5. ஆணை கேட்பது 33.

போன பருவத்தில் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே கல்கண்டுத் தூள் மாதிரி ஒளி ஊடுருவும் படிகங்கள், பையை உருட்டினால் சரசரக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஹெப்டாஹைட்ரேட்'. முன்பக்கம் தடித்த எழுத்தில் 'துத்தநாகம் 33%'. இரண்டு வரிகளும் ஒரே பையில் இருக்கவே முடியாது. ஏழு நீர் வகை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் 22.8ஐத் தாண்டாது, கடவுளே தயாரித்தாலும் தாண்டாது. "கம்பெனியில் அச்சடித்து வருவது சார், எனக்கென்ன தெரியும்" என்றார் கடைக்காரர். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவனுக்குப் பரிசோதனைக்கூடம் வேண்டாம், பையைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

ஜூலை 20

நேற்று எழுதியதற்கு ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். வரம்புக்கு மேலே எழுதியிருந்தால் பொய் என்பது உறுதி. வரம்புக்குக் கீழே எழுதியிருப்பதால் உண்மை என்று ஆகிவிடாது. 21 என்று அடக்கமாகப் போட்டுவிட்டு உள்ளே வேறு உப்பைக் கலந்திருந்தால் காகிதக் கணக்கு கண்டுபிடிக்காது. அதற்கு உர ஆய்வாளர் மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும்.

"எது லாபம்?" என்று கேட்டவருக்கு: பை விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கிலோ துத்தநாகத்தின் விலையைப் பாருங்கள். ஏழு நீர் வகையில் 25 கிலோ போடுகிற இடத்தில் ஒரு நீர் வகையில் 16 கிலோ போதும். 25 கிலோவில் ஏறக்குறைய 11 கிலோ நீர். அது கலப்படம் இல்லை, படிகத்தின் உறுப்பு. ஆனாலும் லாரி வாடகை அதற்கும் சேர்த்துத்தான்.

ஜூலை 28

படிக நீர் என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். "உலர்ந்த உப்புக்குள் எப்படி சார் தண்ணீர்?" பாலக்கோட்டில் மாலை வகுப்பு எடுக்கிறேன், ஆய்வகம் என்று ஒன்றும் கிடையாது. போர்டோ கலவைக்கு (பூஞ்சைக்கொல்லி) வாங்கி வைத்திருந்த மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) ஒரு பழைய மின்தராசும் இருந்தன. 10 கிராம் எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் சூடாக்கினோம்.

முதலில் ஓரங்கள் வெளுத்தன. நீலம் நடுவை நோக்கிச் சுருங்கியது. மேலே கவிழ்த்துப் பிடித்த கண்ணாடி மூடியில் பனித்தது. கடைசியில் சாம்பல் கலந்த வெள்ளைத் தூள். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சுருக்கென்று சத்தம், மறுபடி நீலம். கிண்ணமும் தொடச் சூடாகிவிட்டது.

கணக்கு: தாமிரம் 63.5, கந்தகம் 32, ஆக்சிஜன் 64, நீர் ஐந்து 90. மொத்தம் 249.5. நீர் 36.1 சதவீதம். 10 கிராம் 6.4 ஆக வேண்டும். ஒரு குழுவுக்கு 7.1இல் நின்றுவிட்டது. தராசைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் அந்த 7.1ஐக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். ஐந்து நீரில் நான்கு மட்டும் போனால் இழப்பு 72, அதாவது 28.9 சதவீதம். 10 கிராமில் மிச்சம் 7.1! நான்கு நீர் சுமார் 110 டிகிரிக்குள் போய்விடும், ஐந்தாவது 200 டிகிரிக்கு மேல்தான் விடும். அந்தக் குழு திரியைக் குறைவாக வைத்திருந்தது. விடையில் பிழையே இல்லை, வேறொரு கேள்விக்கான சரியான விடை அது. அன்று எனக்குப் பிடித்தது அந்த 7.1தான்.

ஆகஸ்ட் 3

"35.5 நிறையுள்ள குளோரின் அணுவைக் காட்ட முடியுமா?" முடியாது, அப்படி ஓர் அணு கிடையாது. 35 நிறை எண் கொண்டவை நான்கில் மூன்று பங்கு, 37 கொண்டவை ஒரு பங்கு. சராசரி 35.5. சராசரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

ஆகஸ்ட் 9

திருப்பிப் போடும் கணக்கைப் பற்றி ஒருவர். சதவீதம் தெரிந்தால் பொருள் என்னவென்று சொல்லிவிடலாமா என்கிறார். விகிதத்தைச் சொல்லலாம், பொருளைச் சொல்ல முடியாது. குளுக்கோஸை எடுத்தாலும் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை எடுத்தாலும் கார்பன் 40, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3. இம்மியும் மாறாது. ஒன்று இனிக்கும், ஒன்று புளிக்கும். வாய்ப்பாட்டு நிறை 180, 60 என்று தெரிந்தால்தான் பிரிக்கலாம்.

யூரியாவுக்கோ அதுவும் உதவாது. அம்மோனியம் சயனேட்டும் அதே 60, அதே 46.67. 1828இல் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலார் அம்மோனியம் சயனேட் தயாரிக்கப் போய் யூரியாவைப் பெற்றார். உயிரின் உடலுக்குள் மட்டுமே உண்டாகும் என்று நம்பப்பட்ட பொருள் குடுவையில் வந்துவிட்டது. இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அடுக்கு மட்டும் வேறு. கூட்டல் கணக்கு அடுக்கைப் பார்ப்பதில்லை.

போனஸ்: வீட்டுச் சர்க்கரையின் வாய்ப்பாட்டு நிறை 342. நீரற்ற அலுமினியம் சல்பேட்டும் 342. நிறை ஒன்றுதானே என்று டீயில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 10

"தக்காளியின் வாய்ப்பாட்டு நிறை என்ன?" ராயக்கோட்டைக்காரர், கிண்டல்தான். இருந்தாலும் நல்ல கேள்வி. தக்காளி கலவை, அதற்கு வாய்ப்பாடு கிடையாது. அதில் பெரும்பகுதி நீர் என்பது அளந்து பார்த்துச் சொல்வது, கூட்டிப் பார்த்துச் சொல்வது இல்லை. மழைக்குப் பின் பறித்தால் ஓர் அளவு, வெயிலில் பறித்தால் ஓர் அளவு. சேர்மம் அப்படி மாறாது. இதையே 1799இல் பிரெஞ்சுக்காரர் புரூஸ்ட் தாமிரக் கார்பனேட்டை வைத்துக் காட்டினார்: பூமியிலிருந்து எடுத்ததும் ஆய்வகத்தில் தயாரித்ததும் ஒரே விகிதம். இன்னொரு பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தலே ஒப்புக்கொள்ளவில்லை, இருவரும் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். புரூஸ்ட் வென்றார். மாறா விகித விதி இல்லையென்றால் நாம் இங்கே போடும் எந்தக் கணக்குக்கும் தரை இல்லை.

ஆகஸ்ட் 11

ஒரு சந்தேகம், ஒரு வரியில் பதில். கந்தகம் பூசிய யூரியாவில் 37 என்று போட்டிருப்பது தரக்குறைவு இல்லை. 37ஐ 46.67ஆல் வகுத்தால் பையில் 79 சதவீதம் யூரியா. கந்தகம் 17. இரண்டும் சேர்ந்து 96. கணக்கு இடிக்கவில்லை. ஆனால் அந்தப் பை 40 கிலோதான்; தழைச்சத்து 14.8 கிலோ. பழைய 45 கிலோ மூட்டையில் 20.7. மூட்டைக்கு மூட்டை என்று மாற்றிப் போட்டால் பயிர் காட்டிக்கொடுக்கும்.

ஆகஸ்ட் 24

பேச்சு தண்ணீருக்குப் போய்விட்டது. நம் ஊர்ப் பக்கம் அது போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒருவர் ஆழ்துளைக் கிணற்று ஆய்வறிக்கையை எழுதியிருக்கிறார்: கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், 'கால்சியம் கார்பனேட்டாக'. "அவ்வளவு சுண்ணாம்பா குடிக்கிறோம்?" இல்லை. இதுவும் ஜூலை 12 கதைதான், ஒன்றை அளந்து இன்னொன்றின் பெயரில் எழுதுவது. கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று 48, மொத்தம் 100. முழு எண்ணாக இருப்பதால் கணக்குக்கு வசதி. 500 முழுவதும் கால்சியத்தால் வந்தது என்று கொண்டாலும் கால்சியம் 200 மில்லிகிராம். உண்மையில் மெக்னீசியமும் பங்கு போடும்.

அதே அறிக்கையில் ஃப்ளூரைடு மட்டும் ஃப்ளூரைடாகவே எழுதப்பட்டிருக்கும். வேறு மாற்று இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பள்ளியில் என்னோடு படித்தவர்களின் பற்களில் ஃப்ளூரைடு மிகுதியால் வந்த பழுப்புக் கோடு சர்வசாதாரணம், அதை யாரும் நோய் என்றுகூட நினைக்கவில்லை. இப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் வருகிறது. வராத நாளில் பழைய கிணறுதான்.

ஆகஸ்ட் 24, இரவு

பற்பசைப் பெட்டியில் சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் 0.76 சதவீதம் என்று பார்த்திருப்பீர்கள். ஏன் இந்த விசித்திர எண்? சோடியம் இரண்டு 46, பாஸ்பரஸ் 31, ஆக்சிஜன் மூன்று 48, ஃப்ளூரின் 19. மொத்தம் 144. ஃப்ளூரின் 13.2 சதவீதம். 0.76இல் அது சரியாக 0.1 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. யாரோ ஆயிரத்தை முதலில் தீர்மானித்துவிட்டுப் பின்னோக்கி வந்திருக்கிறார்கள். குளியலறையில் நின்றுகொண்டு இதைக் கணக்குப் போட்டதற்கு வீட்டில் கிடைத்த பேச்சு இங்கே வேண்டாம்.

செப்டம்பர் 2

கடலைக்கு ஜிப்சம் போடும் நேரம், ஆகவே கடைசியாக வந்த கேள்வியும் அதுதான். கால்சியம் 40, கந்தகம் 32, ஆக்சிஜன் 64, நீர் இரண்டு 36. மொத்தம் 172. கால்சியம் 23.3, கந்தகம் 18.6. ஏக்கருக்கு 160 கிலோ என்பது வழக்கமான பரிந்துரை. உங்கள் சரக்கின் தூய்மை 70 சதவீதம் என்றால் இரண்டையும் 0.7ஆல் பெருக்குங்கள்: கால்சியம் 16.3, கந்தகம் 13. ஏக்கருக்குக் கிடைப்பது கால்சியம் 26 கிலோ, கந்தகம் 21 கிலோ. மண்ணில் ஈரம் இருக்கும்போது செடியின் பக்கவாட்டில் போட்டு, கொத்தி மண் அணைத்துவிடுங்கள். காயாக மாறும் விழுது மண்ணில் இறங்கும் இடத்தில் கால்சியம் இல்லையென்றால் காய் பொக்காகும்.